ஏசி ஹாலுக்கு ஒரு டேபிள் ஃபேன்

பட்டதாரி: ஏசி ஹால் அண்ணே இது. ஏசி ஹாலுக்கு யாராவது டேபிள் ஃபேன் தூக்கிட்டு வருவாங்களா?

லிஃப்ட்காரர்: காலைக் கொஞ்சம் தூக்கு. வயர் உன் செருப்புக்கு அடியில இருக்கு.

பட்டதாரி: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: லிஃப்ட்டுக்குள்ள ஃபேன் இருக்கணும். அது விதி. ஆள் உள்ள மாட்டிக்கிட்டா காத்து வேணாமா? இருபத்திரெண்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் சொல்றேன், கேட்டுக்கோ.

பட்டதாரி: நம்ம நாடக லிஃப்ட் மூணு பிளைவுட் பலகை. முன்பக்கம் கதவே கிடையாது. அதுக்குள்ள நின்னா மூச்சா முட்டப்போகுது?

லிஃப்ட்காரர்: பார்க்குற ஜனம் நம்பணும்ல.

பட்டதாரி: ஆறு மணி நேரம் பஸ்ல இதை மடியிலயா வச்சுட்டு வந்தீங்க?

லிஃப்ட்காரர்: பின்ன? இறக்கை நெளிஞ்சுட்டா? பக்கத்து சீட்டுக்காரர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்தாலே போதும் சார்னு.

பட்டதாரி: அவருக்கு இருந்த அறிவுல... பாதி உங்களுக்கு இருந்திருந்தா, ஃபேனுக்குப் பதிலா ஒரு நல்ல சட்டை கொண்டு வந்திருப்பீங்க.

லிஃப்ட்காரர்: இது நல்ல சட்டைதான். எட்டு மாசமா இதைத்தானே பார்க்குற?

பட்டதாரி: வீடியோ கால்ல நெஞ்சு வரைக்கும்தான் தெரிஞ்சுது. கீழ இவ்வளவு ஆயில் கறை இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது. ஆள் இவ்வளவு குட்டைன்னும் இன்னைக்குத்தான் தெரியுது.

லிஃப்ட்காரர்: நீ மட்டும் என்னவாம்? அந்தக் கட்டத்துக்குள்ள கைக்கடக்கமா இருந்த. காலைல பஸ் ஸ்டாண்டுல பார்த்தா தெருவிளக்குக் கம்பம் மாதிரி நிக்குற. பட்டம் வாங்கினா உயரமும் சேர்த்துக் குடுத்துடுவாங்களா?

பட்டதாரி: என் டிகிரியை இழுக்காதீங்க.

லிஃப்ட்காரர்: இழுக்கலை. அது பாட்டுக்கு டிவிக்கு மேல ஃபிரேம்ல தொங்கட்டும்.

பட்டதாரி: அண்ணே, விளையாட்டு போதும். எவ்வளவு நேரம் இருக்கு?

லிஃப்ட்காரர்: நாற்பது நிமிஷம்.

பட்டதாரி: காலைல ஒத்திகை என்ன லட்சணத்துல இருந்துச்சுன்னு பார்த்தீங்கல்ல?

லிஃப்ட்காரர்: கொஞ்சம் இழுத்துச்சு.

பட்டதாரி: கொஞ்சமா? உள்ள யாராவது இருக்கீங்களான்னு நீங்க கேட்டீங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு நின்னோம். லைட் போடுறவர் ஏதோ வயர் பிடுங்கிக்கிச்சோன்னு மேல ஏறிப் போய்ப் பார்த்தார்.

லிஃப்ட்காரர்: பழக்கம்மா. முதல் நாள்ல இருந்து நாம ஒத்திகை பார்த்ததே வீடியோ கால்லதான். என் கேள்வி உன் ஊருக்கு வந்து சேர ஒரு நேரம், உன் பதில் என் ஊருக்குத் திரும்பி வர ஒரு நேரம். அந்த இடைவெளியை வச்சுத்தானே மொத்த நாடகத்தையும் கட்டினோம்.

பட்டதாரி: அதைத்தான் நானும் சொல்றேன். நெட் இல்லாம இந்த நாடகம் நிக்காது.

லிஃப்ட்காரர்: நிக்கும்.

பட்டதாரி: நிக்காது. அண்ணே... நான் ஒண்ணு சொல்றேன். கோபப்படக் கூடாது.

லிஃப்ட்காரர்: கோபம் உன் டிபார்ட்மென்ட். சொல்லு.

பட்டதாரி: நான் மேடைக்கு வரலை. இந்த ரூம்ல இருந்தே ஃபோன்ல கால் போடுறேன். அங்க பெரிய திரை இருக்கு. நீங்க மேடைல நில்லுங்க, நான் திரைல வர்றேன்.

லிஃப்ட்காரர்: இங்க இருந்தா?

பட்டதாரி: இங்க இருந்துதான்.

லிஃப்ட்காரர்: மேடை இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்.

பட்டதாரி: இருக்கட்டும்.

லிஃப்ட்காரர்: நான் தும்மினா உனக்கு ஃபோன் இல்லாமலே கேட்கும்.

பட்டதாரி: கிண்டல் பண்ணாதீங்க. ஜனங்க நம்மளை எப்படிப் பார்த்துப் பழகியிருக்காங்க? பக்கத்துல பக்கத்துல ரெண்டு கட்டம். ஒரு கட்டத்துல லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட பொண்ணு. இன்னொரு கட்டத்துல வெளிய இருந்து இன்டர்காம்ல பேசுற மெக்கானிக். அந்த ரெண்டு கட்டம்தான் நம்ம நாடகம்.

லிஃப்ட்காரர்: அப்போ நான் ஒரு வாரம் லீவு போட்டு அறுத்து, ஆணி அடிச்சு, நிஜ லிஃப்ட்டோட பட்டன் போர்டு எல்லாம் பொருத்திக் கொண்டு வந்தேனே, அது எதுக்கு?

பட்டதாரி: ... அழகா இருக்கு அண்ணே. நிஜமா சொல்றேன்.

லிஃப்ட்காரர்: அழகு பார்க்கவா செஞ்சேன்? நீ உள்ள நிக்கிறதுக்குச் செஞ்சேன். உன் தோள் அகலம் தெரியாம வீடியோவை நிறுத்தி வச்சு ஸ்கேலால அளந்தேன். வீட்டுக்காரி பார்த்துட்டு ஒரு மாதிரி கேட்டா, யார் அந்தப் பொண்ணு, எதுக்கு அளவெடுக்குறீங்கன்னு.

பட்டதாரி: என்ன சொன்னீங்க?

லிஃப்ட்காரர்: என்னை மேடையேத்தப் போற பொண்ணுன்னேன். அப்போ நல்லா அளவெடுங்கன்னுட்டா.

பட்டதாரி: இதோ பாருங்க, நம்மளை இங்க கூட்டிட்டு வந்ததே நெட்தான். அந்த நடிகர் குரூப்புல நான் போட்ட பதிவை நீங்க பார்க்கலைன்னா, இப்ப ஏதோ ஒரு எட்டாவது மாடில தொங்கிட்டிருப்பீங்க.

லிஃப்ட்காரர்: அன்னைக்கும் தொங்கிட்டுத்தான் இருந்தேன். பார்ட்ஸ் வர்ற வரைக்கும் லிஃப்ட் மேலயே உட்கார்ந்து ஃபோனை நோண்டினேன். மேடை ஏறாதவங்க மட்டும் எழுதவும்னு போட்டிருந்த. எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு.

பட்டதாரி: மேடை ஏறினவங்க யாரும் என்னைச் சேர்த்துக்கலை. அதான் அப்படி எழுதினேன்.

லிஃப்ட்காரர்: ஏன் சேர்த்துக்கலை?

பட்டதாரி: ... அதை விடுங்க. நமக்கு ஒரு மேடை குடுங்கன்னு நாடகக்காரங்களுக்கு நூத்தி முப்பத்தாறு மெயில் அனுப்பியிருக்கேன் அண்ணே. ஒரே மெயிலை எல்லாருக்கும் தள்ளி விடலை. ஒவ்வொருத்தரும் என்ன நாடகம் போட்டாங்க, எங்க என்ன பேசினாங்கன்னு தேடிப் படிச்சுட்டு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதினேன். வேலைக்குப் போனவங்க வீடு திரும்புற நேரமாப் பார்த்து நம்ம சேனல்ல வீடியோ போட்டேன். பஸ்ல சத்தம் வச்சுக் கேட்க முடியாதுன்னு வசனத்தை அடியில எழுத்தாவும் போட்டேன். வந்த கமெண்ட் அத்தனைக்கும் பதில் எழுதினேன். திட்டினவனுக்கும் எழுதினேன்.

லிஃப்ட்காரர்: அதைப் படிச்சேன். அதுக்கப்புறம் அந்த ஆள் அந்தப் பக்கமே வரலை.

பட்டதாரி: அவன் என்ன கேட்டான் தெரியும்ல? நீங்க எந்தக் குழுவுல கத்துக்கிட்டீங்க, உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளே நான்தான். எங்கம்மா ஆஸ்பத்திரி லாண்டரில வேலை செய்யுறாங்க, அப்பா சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார். என்னை எந்தக் குழுவுல கொண்டு போய் விட்டிருப்பாங்க? பத்து வயசுலயே காரை எடுத்துட்டுப் போய் நாடக வகுப்புல இறக்கி விட்டவங்க பிள்ளைங்கதான் நடிக்கணுமா? அவங்க வீட்டு லிஃப்ட் மட்டும்தான் மாட்டிக்குமா?

லிஃப்ட்காரர்: சரி சரி. மூச்சு விட்டுக்கோ.

மேடை மேனேஜர்: உள்ள வரலாமா? என்ன, சத்தம் வாசல் வரைக்கும் வருது. வசனமா?

லிஃப்ட்காரர்: இல்ல மேடம். இது நிஜம்.

மேடை மேனேஜர்: ரெண்டே விஷயம். நீங்க வர்றதுக்கு முன்னாடி மைக்ல அறிவிக்கணும். சார் பேர் எழுதிக்கிட்டேன். உங்க பேர் என்னம்மா?

பட்டதாரி: ...

மேடை மேனேஜர்: பேரும்மா.

பட்டதாரி: ... நான் எழுதி...

மேடை மேனேஜர்: எழுதித் தர்றீங்களா? சொல்லவே சொல்லலாமே, நானே எழுதிக்கிறேன்.

லிஃப்ட்காரர்: பட்டதாரின்னே போடுங்க மேடம். சேனல்ல அதான் பேரு. ரெண்டு லட்சம் பேர் அப்படித்தான் கூப்பிடுறாங்க.

மேடை மேனேஜர்: அதுவும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது, நாடகக் குழுக்களை ஊர் ஊரா கூட்டிட்டுப் போற அந்தச் சுற்றுப்பயண அமைப்புல இருந்து ஒரு அம்மா வந்தாச்சு. நாலாவது வரிசை, ஓரத்து சீட்டு. கையில நோட்டுப் புத்தகம் வச்சிருக்காங்க.

பட்டதாரி: மேடம், மேடைல இருக்குற அந்த... திரையை...

மேடை மேனேஜர்: மூடிடணுமா?

பட்டதாரி: இல்ல, அதுல...

மேடை மேனேஜர்: படம் ஏதாவது காட்டணுமா?

பட்டதாரி: என்னை முடிக்க விடுங்க. அந்தத் திரைல வீடியோ கால் போட முடியுமான்னு கேட்க வந்தேன்.

மேடை மேனேஜர்: போட முடியும். ஆனா அவங்கதான் ரெண்டு பேரும் ஒரே மேடைல, நேர்ல நடிக்கணும்னு எழுதியிருக்காங்களே. மெயில்ல மூணாவது பத்தி. எனக்கும் நகல் வந்துச்சு. பன்னெண்டு ஊர் மேடை ஏறப்போற குழு, நேர்ல எப்படி இருக்கீங்கன்னு பார்க்கத்தான் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. நீங்க படிக்கலையா?

பட்டதாரி: ... படிச்சேன்.

மேடை மேனேஜர்: அப்புறம் என்ன. இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இந்த ஃபேன் மேடைக்கா சார்?

லிஃப்ட்காரர்: மேடைக்குத்தான்.

மேடை மேனேஜர்: இது ஏசி ஹால்.

லிஃப்ட்காரர்: எல்லாரும் அதையே சொல்றாங்க.

மேடை மேனேஜர்: நல்லது. கதவைச் சாத்திட்டுப் போறேன்.

லிஃப்ட்காரர்: மூணாவது பத்தியா? நீ எனக்கு அனுப்பினதுல ரெண்டு பத்திதான் இருந்துச்சு.

பட்டதாரி: காப்பி பண்ணும்போது விட்டுப்போச்சு.

லிஃப்ட்காரர்: நான் ஒரு புள்ளி விட்டா அரைமணி நேரம் பாடம் எடுக்குற ஆள் நீ.

பட்டதாரி: நீங்க பயந்துடுவீங்கன்னு நினைச்சேன்.

லிஃப்ட்காரர்: நானா? கயிறு அறுந்த லிஃப்ட்டுக்கு மேல நின்னு சாப்பிட்டவன் நான்.

பட்டதாரி: ... சரி. நான்தான் பயந்தேன். போதுமா?

லிஃப்ட்காரர்: எதுக்கு?

பட்டதாரி: சொல்ல மாட்டேன்.

லிஃப்ட்காரர்: சொல்லாத. வா, ஒரு தடவை பார்த்துடுவோம். அந்த அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல போய் நில்லு. அதான் லிஃப்ட். நான் கதவுகிட்ட நிக்கிறேன்.

பட்டதாரி: இப்பவா?

லிஃப்ட்காரர்: இப்பத்தான். ஆரம்பிக்கிறேன். ஹலோ, ஹலோ... லிஃப்ட் கம்பெனில இருந்து பேசுறேன். உள்ள யாராவது இருக்கீங்களா?

பட்டதாரி: ...

பட்டதாரி: ...

பட்டதாரி: இல்ல.

லிஃப்ட்காரர்: ஹா, அதான். இதுக்குத்தான் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. ஒருத்தர் என்ன எழுதியிருந்தார்? அந்த இடைவெளில என் கல்யாண வாழ்க்கையையே ஒரு தடவை யோசிச்சு முடிச்சுட்டேன்னு. இதையே மேடைல செய். அப்படியே இருக்கு. ஒரு நூல் குறையலை.

பட்டதாரி: அண்ணே.

லிஃப்ட்காரர்: ம்.

பட்டதாரி: இப்ப நெட் எங்க இருந்துச்சு? நீங்க கதவுகிட்ட, நான் அலமாரிகிட்ட. நடுவுல நாலடி. அப்புறம் எப்படி அண்ணே அதே இடைவெளி வந்துச்சு? காலைல ஏன் அவ்வளவு நேரம் நின்னேன்?

லிஃப்ட்காரர்: நீயே சொல்லு.

பட்டதாரி: எனக்குத் திக்கும் அண்ணே. நெட் இல்ல. நான்தான்.

லிஃப்ட்காரர்: சரி.

பட்டதாரி: எட்டு மாசமா உங்ககிட்டப் பொய் சொல்லிட்டிருந்தேன். வார்த்தை வந்து தொண்டைல நின்னுக்கும். தள்ளினா இன்னும் கெட்டியா நிக்கும். அதனால வேற வார்த்தைக்குத் தாவிடுவேன், இல்லைன்னா நெட் போச்சு, நெட் போச்சுன்னு சைகை காட்டுவேன். இந்த இல்லைன்ற வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தை போடலாம்னு எத்தனையோ தடவை சொன்னேன் உங்ககிட்ட. நீங்கதான் கேட்கலை.

லிஃப்ட்காரர்: நல்ல வார்த்தை அது. எதுக்கு மாத்தணும்?

பட்டதாரி: அந்த நாடகப் பள்ளில நேர்காணலுக்குப் போனேன்னு சொன்னேன்ல. மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. வசனம் எதுவும் கேட்கலை. பேர் கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. நான் நின்னேன்... நின்னுட்டே இருந்தேன். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருத்தர் சிரிக்காம இருக்க தண்ணி குடிச்சார். பரவாயில்லம்மா, அடுத்தவங்களை வரச் சொல்லுங்கன்னாங்க. வீட்டுக்கு வந்து அதே பேரை டைப் பண்ணேன். அரை நொடி. எழுதும்போது நான் எங்கயும் நிக்கிறதில்ல அண்ணே. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், வாயால கதவைத் தட்ட வேணாம், விரலால தட்டுவோம்னு. நூத்தி முப்பத்தாறு மெயில் எழுதினது அதுக்குத்தான். இன்னைக்கு அந்தம்மா நாலாவது வரிசைல உட்கார்ந்திருக்காங்க. நான் மேடைல போய் நின்னுட்டா பன்னெண்டு ஊரும் போச்சு. திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ் ஆபீஸ் நாற்காலிக்கே திரும்பணும். அடுத்தவங்க விண்ணப்பத்தை டைப் பண்ணிட்டுக் காலம் பூரா உட்கார்ந்திருக்கணும். உங்களையும் சேர்த்து இழுத்து விட்டுட்டேன், அதான் வயித்தெரிச்சல்.

லிஃப்ட்காரர்: இப்ப இவ்வளவும் சொன்னியே. எங்கயும் நிக்கலையே.

பட்டதாரி: கோபமா இருந்தா வந்துடும். நான் எதுக்கு எப்பவும் எரிஞ்சு விழுறேன்னு நினைச்சீங்க? கத்தும்போது சிக்காது.

லிஃப்ட்காரர்: அப்போ உன் டிகிரியைப் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை பேசட்டுமா?

பட்டதாரி: அடி வாங்குவீங்க.

லிஃப்ட்காரர்: சிரிச்சுட்டியே. சரி, ஒண்ணு கேட்குறேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேர்கிட்ட நான் பேசியிருப்பேன்னு நினைக்கிற? ஆயிரம் பேர் இருக்கும். உள்ள யாராவது இருக்கீங்களான்னு கேட்டதும் டக்குன்னு பதில் சொன்னவங்க ஒருத்தர் கிடையாது. எல்லாருக்கும் தொண்டை அடைச்சுக்கும். ஒரு பெரிய ஆபீசர், நாலு நிமிஷம் கழிச்சு, அம்மான்னார். எனக்கு அது பழக்கம். கேட்டுட்டுக் காத்திருக்கிறதுதான் என் வேலையே.

பட்டதாரி: மேடைல ஜனம் காத்திருக்காது.

லிஃப்ட்காரர்: ரெண்டு லட்சம் பேர் காத்திருந்தாங்க.

பட்டதாரி: அவங்க நெட்டுன்னு நினைச்சாங்க.

லிஃப்ட்காரர்: என்னவோ நினைச்சுட்டுப் போகட்டும். காத்திருந்தாங்கல்ல?

பட்டதாரி: ... நீங்களும்தான். எல்லாரும் என் வாக்கியத்தைப் பிடுங்கி முடிச்சுக் குடுப்பாங்க. இப்ப அந்த மேனேஜர் செஞ்சாங்களே, அப்படி. எங்கம்மாவே செய்யும். நீங்க ஒரு தடவை கூடச் செஞ்சதில்ல. பாவம், நெட்டுன்னு நம்பிக் காத்துட்டிருக்காரேன்னு எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கும். நீங்க வேற, உங்க பக்கம்தான் கோளாறுன்னு கம்பெனிக்காரனைத் திட்டுவீங்க. மூணு தடவை கனெக்‌ஷன் மாத்தினீங்க. எனக்குச் சோறே இறங்கலை.

லிஃப்ட்காரர்: அதெல்லாம் இப்ப எதுக்கு.

பட்டதாரி: உங்களுக்குக் கோபமே வரலையா? ஆச்சரியமா கூடவா இல்ல?

லிஃப்ட்காரர்: நேரம் ஆச்சு. அந்தத் தண்ணியை எடு.

மேடை மேனேஜர்: அஞ்சு நிமிஷம். ரெடியா? திரையா, நேரா? இப்பவே சொல்லுங்க, லைட்காரருக்குச் சொல்லணும்.

லிஃப்ட்காரர்: பட்டதாரியைக் கேளுங்க.

மேடை மேனேஜர்: என்னம்மா, திரை வேணுமா?

பட்டதாரி: ...

மேடை மேனேஜர்: இல்ல, திரையைத்தான்...

பட்டதாரி: ...

பட்டதாரி: இல்ல. நேர்ல. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க மேடம், எனக்குத் திக்கும். மைக்ல சொல்ல ஒரு வரி தர்றேன், அதையும் சேர்த்துப் படிச்சுடுங்க. லிஃப்ட் மெதுவாத்தான் திறக்கும், அவசரப்படாதீங்கன்னு.

மேடை மேனேஜர்: ... படிச்சுடுறேன்மா. நீங்க நிதானமா வாங்க.

லிஃப்ட்காரர்: நல்ல வரி. டிகிரி வீண் போகலை.

பட்டதாரி: விலகுங்க. ஃபேனை நான் தூக்குறேன், நீங்க உங்க ஆயில் சட்டையை உள்ள விட்டுக்கோங்க. அண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும் நிஜம் சொல்லுங்க. லிஃப்ட்டுக்குள்ள ஃபேன் வைக்கணும்னு உண்மையிலேயே விதி இருக்கா?

லிஃப்ட்காரர்: இருக்கு. ஆனா இது அதுக்கில்ல. முதல் மாசம் நெட் போச்சுன்னு நீ சைகை காட்டின அன்னைக்கு, உன் வாய் நின்னுச்சு, கண்ணு நின்னுச்சு, உனக்குப் பின்னாடி இதே மாதிரி ஒரு ஃபேன் மட்டும் ஜம்முனு சுத்திட்டிருந்துச்சு. நெட் நின்னா ஃபேனும்ல சேர்ந்து நிக்கணும்? இன்னைக்கும் உனக்குப் பின்னாடி சுத்தட்டும்னுதான் தூக்கிட்டு வந்தேன். நான் கனெக்‌ஷன் எதையும் மாத்தலம்மா, இன்னும் அதே பழைய கனெக்‌ஷன்தான், தடங்கலே இல்லாம ஓடுது. நட, வயரை மிதிச்சுடாத.